பேர் கேட்டா தரமாட்டாங்களாமே? ஆர்.டி.ஐ.யும் புதுத் தரவுச் சட்டமும்

17 நவம்பர் 2025 – அம்பாசமுத்திரம் பக்கத்துல இருந்து ஒருத்தர் கேட்டது

அண்ணாச்சி, எங்க ஊராட்சியில கலைஞரின் கனவு இல்லத் திட்டத்து வீட்டை யார் யாருக்குக் கொடுத்தாங்கன்னு ஆர்.டி.ஐ.யில, அதான் தகவல் உரிமைச் சட்டத்துல, கேக்கலாம்னு இருந்தேன். மச்சு வீட்டுக்காரனுக்கு வந்திருக்கு, ஓலைக் குடிசையில இருக்கவளுக்கு வரல. இப்ப என்னமோ டேட்டா சட்டம் வந்துட்டாம், இனிமே பேரே தரமாட்டாங்களாம். ஆர்.டி.ஐ. செத்துப் போச்சுன்னு வாட்ஸ்அப்புல ஓடுது. நெசமா?

17 நவம்பர், ராத்திரி

சாகல. ஆனா விழுந்தது பலமான அடி.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டுல கையெழுத்தாகி ரெண்டு வருஷத்துக்கு மேல சும்மா கிடந்தது. போன வெள்ளிக்கிழமை, நவம்பர் 14, விதிகள் வந்தாச்சு. நம்ம விவரத்தை வச்சுக் காசு பார்க்கிற கம்பெனிகளுக்குப் பெரும்பாலான கடமைகள்ல 18 மாசம் அவகாசம். ஆர்.டி.ஐ. சட்டத்தைத் திருத்துற 44(3) பிரிவோ அன்னைக்கே அமல். எதுக்கு அவசரம், எதுக்கு நிதானம்னு நீங்களே பாத்துக்கிடுங்க.

மனுவைப் போடுங்க. எப்படின்னு அப்புறம் எழுதுதேன். கரண்ட் இல்ல, போன்ல தட்டிக்கிட்டு இருக்கேன்.

19 நவம்பர்

மாத்தினது ஆர்.டி.ஐ. சட்டத்தோட 8(1)(ஜே) பிரிவை. பழைய வாசகத்தோட சாரம் இதுதான்: பொதுக் காரியத்துக்குச் சம்பந்தமில்லாத தனிப்பட்ட தகவலையும், ஒருத்தரோட அந்தரங்கத்துல தேவையில்லாம மூக்கை நுழைக்கிற தகவலையும் மறுக்கலாம், ஆனா பெரிய பொதுநலன் இருந்தா கொடுக்கணும். கூடவே ஒரு அருமையான வரியும் இருந்தது. நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலைச் சாதாரண ஆளுக்கும் மறுக்கக்கூடாதுன்னு. எம்.எல்.ஏ.வும் நானும் அந்த ஒரு வரியில மட்டும் சரிசமம்.

இப்ப அத்தனையும் போச்சு. "தனிநபர் சார்ந்த தகவல்" மறுக்கலாம், அவ்வளவுதான். எது தனிநபர் சார்ந்தது? பேர் இருந்தாலே அப்படித்தான்னு சொல்லிடலாம். பேர் இல்லாத ஊழல் இருக்கா? காண்ட்ராக்ட்காரனுக்குப் பேர் உண்டு, பயனாளிக்குப் பேர் உண்டு, கையெழுத்துப் போட்ட அதிகாரிக்கும் பேர் உண்டு.

8(2) அப்படியே இருக்கே, பொதுநலன் பெருசா இருந்தா அதை வச்சுக் கொடுக்கலாமேங்கிறது அரசாங்கத்தோட பதில். இருக்கு, மறுக்கல. ஆனா வித்தியாசம் எங்கன்னா, முன்னாடி 'இது அந்தரங்கம்'னு காட்டவேண்டியது அலுவலரோட பாடு. இப்ப 'இதுல பொதுநலன் இருக்கு'ன்னு நிரூபிக்க வேண்டியது மனு போட்டவன் பாடு.

19 நவம்பர், கொஞ்சம் கழிச்சு

நேத்துவரை கேட்டதெல்லாம் தங்குதடையில்லாமக் கிடைச்ச மாதிரி சிலர் எழுதுதாங்க. அதுவும் சரியில்ல. 2012-ல கிரீஷ் தேஷ்பாண்டே வழக்குல, ஒரு அரசு ஊழியருக்குக் கொடுத்த மெமோ, அவரோட சொத்து விவரம் எல்லாம் தனிப்பட்ட தகவல்னு உச்ச நீதிமன்றமே சொல்லிடுச்சு. அன்னையிலேர்ந்து அந்தத் தீர்ப்பைக் கத்தரிச்சு ஒட்டித்தான் பாதிப் பதில் வருது. மனு எழுதிக் கொடுக்கிற என் மேசையில ஒரே ஆபீஸ்ல இருந்து வந்த பதில்கள் இருக்கு. ஒருத்தர் ரோடு கேட்டிருக்கார், இன்னொருத்தர் மாத்திரை ஸ்டாக் கேட்டிருக்கார், ரெண்டு பேருக்கும் அதே பாரா, அதே எழுத்துப்பிழையோட.

20 நவம்பர்

"ஆர்.டி.ஐ. கேட்டா 250 கோடி அபராதம்"னு பரப்புற புண்ணியவானுக்கு: அந்த 250 கோடி, தரவைப் பாதுகாக்கத் தவறுன நிறுவனத்துக்கான உச்ச வரம்பு. தனி ஆளுக்கு அதிகபட்சம் 10,000 ரூபா, அதுவும் பொய்ப் புகார் கொடுக்கிறது மாதிரி சங்கதிகளுக்கு. மனு போடுறதுக்கு அபராதம் கிடையாது. இருட்டுக்கடை அல்வா வரிசையில நிக்கிற அத்தனை பேரும் சேர்ந்து போட்டாலும் 250 கோடி தேறாதுவே, பயப்படாதீங்க.

24 நவம்பர், திங்கள்

மனுநாள். கொக்கிரகுளத்துல, நெல்லை கலெக்டர் ஆபீஸ்ல கூட்டம். உள்ள போறதுக்கு முன்னாடி பையைத் தடவி, பாட்டிலைத் திறந்து மோந்து பாத்துத்தான் விடுதாங்க. 2017 அக்டோபர் 23 அன்னைக்குக் கந்துவட்டிக் கொடுமைக்கு மனு கொடுத்துக் கொடுத்து ஓஞ்சுபோன ஒரு குடும்பம், ரெண்டு பச்சப்புள்ளைகளோட, அந்த வளாகத்துலயே தீக்குளிச்சுது. அதுக்குப் பிறகு கெடுபிடி ஜாஸ்தி. மனுவைச் சோதிக்கிறதுல அந்தக் கெடுபிடி வந்ததான்னு கேக்காதீங்க.

மானூர்ப் பக்கத்துல இருந்து ஒரு ஆச்சி வந்தாங்க. நூறு நாள் வேலை. சம்பளம் வரலங்கிற மனு. எழுதிக்கிட்டே பேச்சுக் கொடுத்தேன். காலையில குளத்துக்குள்ள மம்பட்டியோட வரிசையா நிக்கவச்சு ஒரு போட்டோ. மத்தியானத்துக்கு மேல ரெண்டாவது போட்டோ. அளந்து கொடுத்த வேலையைச் சீக்கிரம் முடிச்சவங்களும் அந்த ரெண்டாவது போட்டோவுக்காக வெயில்ல குந்தி இருக்கணும். டவர் கிடைக்கலன்னா பணித்தளப் பொறுப்பாளர் போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டுக் கரைமேல ஏறி நடப்பாளாம், இவங்க கீழே முக்காட்டை விலக்கிக்கிட்டு நிப்பாங்களாம்.

2023 ஜனவரியில இருந்து, தனிநபர் பயனாளி வேலைகளைத் தவிர மத்த எல்லா வேலைத்தளத்துக்கும் இந்த ஆப் வருகைப்பதிவு கட்டாயம். அந்தப் படங்கள் இணையதளத்துல ஏறும், யாரும் பாக்கலாம். போன ஜூலையில ஒன்றிய ஊரக வளர்ச்சித் துறையே சுற்றறிக்கை விட்டது: போட்டோவையே போட்டோ எடுத்துப் போடுதாங்க, சம்பந்தமில்லாத படத்தை ஏத்துதாங்க, அதனால ஒவ்வொரு மட்டத்துலயும் சரிபாருங்கன்னு. ஆக, ஏமாத்துறவன் ஏமாத்திக்கிட்டுத்தான் இருக்கான். வெயில்ல காயிறது ஆச்சி.

ஆச்சிக்குச் சந்தேகம், வேலைக்கே வராத ரெண்டு பேர் பேர்ல கூலி இறங்குதுன்னு. பேர் கேட்டதுக்கு ஆபீஸ்ல, "அதெல்லாம் அடுத்தவங்க தனிப்பட்ட விவரம், தரக்கூடாது"ன்னு சொல்லியிருக்காங்க. சட்டம் வந்து பத்து நாள்தான் ஆவுது, சேதி எவ்வளவு வேகமாப் போயிருக்கு பாருங்க. ஆச்சி சொன்னது:

"எம் மூஞ்சிய ஒலகத்துக்கே காட்டுதாவ, அவ பேர எங்கிட்ட சொல்லக் கூடாதாம்லா."

25 நவம்பர்

நேத்து எழுதுனதுக்கு ஒருத்தர், "அப்போ எல்லாத்தையும் எல்லாருக்கும் திறந்து விட்டுரலாமா, பொம்பளைப் புள்ளைக விவரம் எவன் கையிலயாவது சிக்காதா"ன்னு கேட்டிருக்கார். நியாயமான கேள்வி. இதை நானும் யோசிக்காம இல்ல.

சில வருஷம் முன்னாடி ஒரு ஊராட்சி ஆபீஸ் சுவர்ல உதவித்தொகைப் பட்டியல் ஒட்டியிருந்தாங்க. பேர், அப்பா பேர், ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், செல்போன் எண் அத்தனையும், கம்ப்யூட்டர்ல இருந்ததை அப்படியே பிரிண்ட் போட்டு. வட்டிக்கு விடுறவன் ஒருத்தன் அதைப் போன்ல படம் எடுத்துட்டுப் போனான். பணம் வர்ற தேதி தெரிஞ்சு போச்சுல்லா. அதுல இருந்த ஒரு விதவைப் பொண்ணு நம்பரையே மாத்தவேண்டியதாப் போச்சு.

அதனால அந்தரங்கம் ஏழைக்குத் தேவையில்லாத பகட்டுன்னு நான் சொல்லமாட்டேன். அவங்களுக்குத்தான் ரொம்பத் தேவை. ஆனா கணக்கு எண்ணை மூட ஒரு வழி ஏற்கெனவே ஆர்.டி.ஐ.யிலயே இருக்கு. பத்தாவது பிரிவு. கொடுக்கக்கூடாததைக் கறுப்படிச்சுட்டு மிச்சத்தைக் கொடுன்னு சொல்லுது. பேர், ஊர், தொகை, தேதி வெளிய. ஆதாரும் அக்கவுண்டும் செல்லும் உள்ள. பொதுப்பணம் வாங்குனவர் பேர் பொதுவுல இருக்கணும், அவர் வீட்டுக் கதவைத் தட்டுற வழி இருக்கக்கூடாது. ஒரு மார்க்கர் பேனாவுல முடியிற வேலைக்குச் சட்டத்தையே வெட்டியிருக்காங்க.

இன்னொண்ணு. இந்த அந்தரங்க உரிமை யார்கிட்ட இருந்து வாங்குனது? ஆதாரை எதிர்த்து ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசுவாமி போட்ட வழக்குல, அந்தரங்கம் அடிப்படை உரிமையே இல்லன்னு 2015-ல வாதாடுனது ஒன்றிய அரசு. 2017 ஆகஸ்ட் 24-ல ஒன்பது நீதிபதிகள் ஒருமனதா, உண்டுன்னு சொன்னாங்க. அரசாங்கத்துக்கு எதிரா வாங்குன உரிமை இப்ப அரசாங்கத்தோட கோப்புக்குக் காவல் நிக்குது. அதே புதுச் சட்டத்துல ஏழாவது பிரிவைப் பாருங்க: மானியம், சான்றிதழ், உரிமம் கொடுக்கிற வேலைக்கு அரசு நம்ம சம்மதம் கேக்கவேண்டாம். பதினேழாவது பிரிவு: தன்னோட அமைப்புகளுக்கு அரசே விலக்கு அறிவிச்சுக்கிடலாம்.

26 நவம்பர்

"இப்படியெல்லாம் எழுதுனா தூக்கிட்டுப் போவாங்களா?" அண்ணாச்சி, இணையத்துல எழுதுறவங்களைக் கைது பண்ண வழிவிட்ட 66ஏ பிரிவை 2015-லயே உச்ச நீதிமன்றம் ரத்து பண்ணியாச்சு. ஆனா நம்ம ஊர்லயே நடந்தது நினைவிருக்கும். அந்தத் தீக்குளிப்பைப் பத்தி கார்ட்டூன் போட்ட பாலாவை 2017 நவம்பர்ல சென்னையில பிடிச்சுத் திருநெல்வேலிக்குக் கொண்டுவந்தாங்க. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67, அவதூறு. மறுநாளே ஜாமீன். பிற்பாடு உயர்நீதிமன்ற மதுரைக் கிளை வழக்கையே ரத்து பண்ணிடுச்சு. படம் எனக்குப் பிடிச்சுதாங்கிறது வேற விஷயம்.

மனுவுல மட்டும் கோபம் வேண்டாம். கேள்வி போதும்.

3 டிசம்பர்

சஞ்சார் சாத்தி கதையைப் பாத்தீங்களா? புதுப் போன் எல்லாத்துலயும் அரசு ஆப்பை ஏத்தியே விக்கணும்னு உத்தரவு, விஷயம் வெளிய வந்ததும் ஊரெல்லாம் சத்தம், இன்னைக்கு வாபஸ். திட்டுறதுக்கும் பலன் இருக்கு.

6 டிசம்பர்

மறுக்கிறதுக்கு 'தனிநபர்' மட்டும்தான் சாக்குன்னு நினைக்காதீங்க. நம்ம ராதாபுரம் தாலுகாவுலயே பெரிய பாடம் இருக்கு. கூடங்குளம் அணு உலையோட இட மதிப்பீட்டு அறிக்கையையும் பாதுகாப்புப் பகுப்பாய்வு அறிக்கையையும் அணு உலை எதிர்ப்பாளர் சுப. உதயகுமார் ஆர்.டி.ஐ.யில கேட்டார். மறுத்தாங்க. 2012 ஏப்ரல்ல மத்திய தகவல் ஆணையர் சைலேஷ் காந்தி, வணிக ரகசியத்தை நீக்கிட்டு மிச்சத்தைக் கொடுன்னார். அணுமின் கழகம் டெல்லி உயர்நீதிமன்றத்துக்குப் போயித் தடை வாங்கிடுச்சு. இடிந்தகரைக்காரங்க கேட்டது யாரோட ஜாதகத்தையும் இல்ல, தங்களோட கடற்கரையில நிக்கிற உலை எவ்வளவு பத்திரம்னுதான்.

அதே உலை, 2019 அக்டோபர். கம்ப்யூட்டர்ல வைரஸ் புகுந்திருக்குன்னு பேச்சு வந்ததும் அப்படி ஒண்ணும் நடக்கலன்னு அறிக்கை. மறுநாளே அணுமின் கழகம் ஒத்துக்கிட்டது: நிர்வாகப் பிரிவுக் கம்ப்யூட்டர் ஒண்ணுல இருந்தது, உலைக் கட்டுப்பாட்டோட சம்பந்தமில்லன்னு. சரி, சம்பந்தமில்ல. முதல் நாளே அதைச் சொல்லியிருந்தா நம்பியிருப்போம்.

9 டிசம்பர்

இண்டர்நெட்டை நிறுத்துன உத்தரவை ஆர்.டி.ஐ.யில கேக்கலாமான்னு ஒரு தம்பி. கேக்கலாம், 2020 ஜனவரியில அனுராதா பாசின் வழக்குல, அப்படிப்பட்ட உத்தரவுகளை வெளியிட்டே ஆகணும்னு தீர்ப்பு இருக்கு. ஆனா 2018-ல அது இல்ல.

மே 22 தூத்துக்குடி துப்பாக்கிச்சூடு, 13 உயிர். மறுநாள் சாயங்காலம் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூணு மாவட்டத்துக்கும் இணையம் நிறுத்தம்னு உத்தரவு. சமூக வலைத்தளத்துல தூண்டிவிடுதாங்கன்னு காரணம். அந்த வருஷம்தான் பொறியியல் கலந்தாய்வு முதன்முதலா ஆன்லைனுக்கு மாறுச்சு, விண்ணப்பம் போடுற நேரம். எங்க கடை வாசல்ல பிளஸ் டூ முடிச்ச பிள்ளைகளும் அப்பன்மாரும் ஃபைலைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. ஒரு அப்பா கோவில்பட்டிக்குப் போனா லைன் கிடைக்குமான்னு கேட்டார்; அதுவும் தூத்துக்குடி மாவட்டம்தான்னு சொன்னேன். கடைசியில பிள்ளையைக் கூட்டிக்கிட்டுச் சாத்தூருக்கு பஸ் ஏறுனார். பிறகு கடைசித் தேதியைத் தள்ளி வச்சாங்க, ஆனா பஸ் ஏறும்போது அது அவருக்குத் தெரியாதே.

"கலவரம் வராம இருக்க வேற வழி என்ன"ன்னு கீழ ஒருத்தர். இருக்கலாம். எந்த விதியில, எத்தனை நாளைக்கு, எதுக்குன்னு எழுத்துல எங்கிட்ட காட்டிட்டு நிறுத்தட்டும். வதந்தி பரவுனது போனதால மட்டுமில்ல, அந்தச் சாயங்காலம் பேப்பர் வர்ற வரைக்கும் யார் செத்தாங்கன்னே தெரியாம இருந்ததாலயும்தான்.

20 டிசம்பர்

நேத்து வரைவு வாக்காளர் பட்டியல் வந்தாச்சு. தமிழ்நாட்டுல 97 லட்சத்துக்கு மேல பேர் இல்ல. செத்தவங்க, இடம்பெயர்ந்தவங்க, ரெட்டைப் பதிவுன்னு வகை சொல்லுதாங்க. எங்க தெருவுல உசிரோட இருக்க ஒருத்தர் பேரும் இல்ல. அவரே வந்து, "என்னய எங்க வச்சு எரிச்சாவன்னு கேட்டுச் சொல்லுங்க"ன்னு சிரிக்கார்.

இங்க பாருங்க, இந்த இழைக்கு இதான் மையம். அவருக்குத் தன் பேர் இல்லன்னு எப்படித் தெரிஞ்சுது? பட்டியலை வெளிய வச்சதால. பீகார்ல 65 லட்சம் பேரை விட்டப்போ, விட்டவங்க பேரையும் காரணத்தையும் வெளியிடுன்னு ஆகஸ்ட் 14-ல உச்ச நீதிமன்றம் சொல்லவேண்டி வந்தது. ஓட்டுக்குப் பேர் வெளிய வந்தாதான் தப்பு தெரியும்னா வீட்டுக்கும் கூலிக்கும் மட்டும் எப்படி மூடி வச்சுத் தப்பு தெரியும்?

தகவல் உரிமைச் சட்டம் பிறந்ததே பேர் வாசிச்சதுலதான். ராஜஸ்தான்ல 1994-ல ஊர்க்கூட்டம் போட்டு, வேலைக்கு வந்தவங்க பதிவேட்டைச் சத்தமா வாசிச்சாங்க. செத்தவன் பேர்ல கூலி, ஊர்லயே இல்லாதவன் பேர்ல கூலி. அதை நடத்துனதுல முக்கியமான அருணா ராய் சென்னையில பிறந்தவங்க, ஐ.ஏ.எஸ். வேலையை விட்டுட்டுப் போனவங்க. நாம 1997-லயே மாநிலச் சட்டம் போட்டுட்டோம்னு மார்தட்டுறோம். அந்தச் சட்டத்துல விலக்குப் பட்டியல்தான் நீளம்.

நூறு நாள் வேலைக்கே வேற சட்டம் நாடாளுமன்றத்துல நிறைவேறிடுச்சு, 125 நாளாம், செலவுல மாநிலத்துக்கு 40 சதவீதமாம். மானூர் ஆச்சிக்கு இன்னும் பழைய பாக்கியே வரல.

27 டிசம்பர்

அம்பாசமுத்திரத்துக்காரருக்கு ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துல இருந்து பதில் வந்திருக்கு. படம் அனுப்பியிருந்தார். மூணே வரி. எத்தனை வீடுன்னு எண்ணிக்கை கொடுத்திருக்காங்க. ஒரு வீட்டுக்கு 3.50 லட்சம்னு நமக்கே தெரிஞ்சதைச் சொல்லியிருக்காங்க. பேருக்கு, "8(1)(ஜே)ன்படி வழங்க இயலாது". கோப்பை நேர்ல பாக்கணும்னு கேட்டதுக்கு வாயே திறக்கல. கையெழுத்துக்குக் கீழ பொதுத் தகவல் அலுவலர் பேரும் இல்ல, வெறும் முத்திரை. தனிநபர் தகவல் போல.

மேல்முறையீட்டுல இப்படி எழுதச் சொன்னேன். ஒண்ணு, 4(1)(பி)யில 12-ஆவது உட்பிரிவு: மானியத் திட்டங்களோட செயல்பாடு, ஒதுக்குன தொகை, பயனாளிகள் விவரம் இதையெல்லாம் யாரும் கேக்காமலே வெளியிடணும். புதுச் சட்டம் அதைத் தொடவே இல்ல. கேக்காமலே தரவேண்டியதைக் கேட்டா மறுக்கிறது எப்படி? ரெண்டு, பத்தாவது பிரிவு, கணக்கு எண்ணும் ஆதாரும் எங்களுக்கு வேண்டாம், அடிச்சுட்டுத் தாங்க. மூணு, 8(2), குடிசை வீட்டுக்கான பணம் மச்சு வீட்டுக்குப் போச்சாங்கிறது பொதுநலன் இல்லாம வேற என்ன. நாலாவதா தனி மனுவுல, கிராம சபைத் தீர்மானப் புத்தகத்தோட நகல். ஊரே உக்காந்திருக்கும்போது சத்தமா வாசிச்ச பேரை ரகசியம்னு சொல்லட்டும் பாப்போம்.

சிலர் நினைக்கிற மாதிரி நம்ம மாவட்டத்துல ஊராட்சித் தலைவர் இல்லாம இல்ல. மத்த மாவட்டங்கள்ல 2025 ஜனவரியோட பதவிக்காலம் முடிஞ்சு தனி அலுவலர். நெல்லை, தென்காசிக்கெல்லாம் 2021-ல தேர்தல் நடந்ததால தலைவர் இருக்கார். ஜனவரி 26 கிராம சபையில எழுந்து நின்னு அவர்கிட்டயே கேளுங்க. அதுக்கு ஸ்டாம்பும் வேண்டாம்.

28 டிசம்பர்

"எழுந்து நின்னு கேட்டா அடுத்த திட்டத்துல என் பேரையும் எடுத்துருவான்"னு அவர் சொல்லுதார். அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. தனியா நிக்காதீங்க, குடிசைக்காரங்க நாலு பேரைச் சேர்த்துக்கிட்டு நில்லுங்கன்னேன். தீர்மானப் புத்தகத்துல கேள்வியை எழுதவச்சுட்டுத்தான் கையெழுத்துப் போடணும், வெத்துத் தாள்ல போடவே கூடாது.

3 ஜனவரி 2026

மேல்முறையீடு நேத்து ஸ்பீடு போஸ்ட்ல போயிருக்கு. பதில் கிடைச்சதுல இருந்து 30 நாளைக்குள்ள போடணும், அதுக்குள்ளதான் இருக்கு. அங்கயும் நடக்கலன்னா மாநிலத் தகவல் ஆணையம், அதுக்கு 90 நாள்.

கேட்டவங்களுக்கு: முதல் மனுவுக்கு 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டுனா போதும். வறுமைக்கோட்டுக்குக் கீழ இருக்கிறவங்களுக்கு அதுவும் இல்ல, சான்று நகலை மட்டும் வைங்க. மேல்முறையீட்டுக்குக் கட்டணம் கிடையாது. எவனாவது ஐம்பது ரூபா கேட்டா ரசீது கேளுங்க.